கைதட்டு மண்டபத்தில், கல்லெறி வீட்டுக் கூரையில்

விசுவமடுவுக்கும் உடையார்கட்டுக்கும் இடையில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிறவல் பாதையில் இருக்கிறது எங்கள் கிராமம். பெயரை எழுதவில்லை. எழுதினால் பிள்ளைகள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பிழையை ஒருமுறை விட்டுப் பட்டது போதும். நான் வீட்டுத் தாழ்வாரத்தில் தமிழ் ரியூசன் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் ஆண்டு முதல் ஓ.எல். பொதுப் பரீட்சை வரை, ஆளுக்கு மாதம் 800 ரூபா. 2023 தொடக்கத்தில், 14 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குப் பேச்சும் தலைமைத்துவமும் பழக்கப் போகிறேன் என்று வெளிக்கிட்டேன். ஊர்ப் பிரச்சினைகளை அவர்களே எழுந்து கதைக்க வேண்டும், ஊர் மாற வேண்டும் என்ற ஆசை. அந்த ஒரு வருடத்தில் என் கையை விட்டுப் போனது இரண்டு லட்சம் ரூபாவுக்கு மேல். காசைத் திரும்ப உழைக்கலாம். ஒரு பெண் பிள்ளை ஒன்பது நாள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுக்குள் இருந்ததற்கு நான் காரணம்; அதை இன்றைக்கும் விழுங்க முடியவில்லை. இப்போது மாங்குளம், மல்லாவிப் பக்கத்திலிருந்தும் இளம் ஆட்கள் இதே வேலையைத் தொடங்கப்போவதாக வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஏன் இதற்குள் இறங்கினேன் என்றால், பள்ளிக்கூடங்களுக்கிடையில் நடக்கும் தமிழ்த்தினப் போட்டிதான் காரணம். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் என்னிடம் பேச்சு எழுதி வாங்க வருவார்கள். "மதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, நடுநிலை தவறாத நடுவர்களே" என்று தொடங்கி, கை எந்தச் சொல்லில் உயர வேண்டும், குரல் எந்த இடத்தில் உடைய வேண்டும் என்பது வரை பழக்கிவிடுவேன். அப்படி வலய மட்டத்தில் முதலாமிடம் எடுத்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் பிரதேச செயலகத்துக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. கருமபீடத்தில் இருந்தவர் நல்ல மனிசன், "என்ன பிள்ளை வேணும்?" என்று அன்பாகத்தான் கேட்டார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. "நீரே சொல்லும்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றதே தவிர வாய் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் மேடை அதிரப் பேசிய பிள்ளைக்குத் தன் பெயரையும் தேவையையும் ஒரு அலுவலருக்குச் சொல்ல வரவில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் இத்தனை வருடமாக எதைப் பழக்கியிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

இந்தப் பிள்ளைகள் போரின் கடைசி வருடங்களான 2007, 2008, 2009இல் பிறந்தவர்கள். சிலர் பங்கருக்குள் தவழ்ந்தவர்கள், சிலர் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் நடை பழகியவர்கள். "உனக்கேன் தேவையில்லாத வேலை, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு" என்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள். தாய்மார் அதைக் கோபத்தில் சொல்வதில்லை. எதைப் பேசினால் என்ன நடக்கும் என்று பார்த்து, பட்டு, அதற்குப் பிறகு சொல்வது அது. நான் அதை வெறும் பயம் என்று தள்ளிவிட்டேன். என் எல்லாப் பிழைகளுக்கும் அடியில் கிடக்கும் பிழை அதுதான்.

முதலில் காசுக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் களப் பணியாளர் ஒருவர் என் யோசனையைக் கேட்டுவிட்டு, "தொடங்குங்கோ ரீச்சர், பில்லுகளைப் பத்திரமா வைச்சிருங்கோ, பிறகு நாங்கள் தருவம்" என்றார். போனில் சொன்ன சொல். அதை நம்பி 2023 பெப்ரவரியில் தொடக்க விழா வைத்தேன். பந்தலும் கதிரையும் 18,000, ஒலிபெருக்கி 12,000, பனர் 4,500, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீரும் றோல்ஸும் 21,000, இருபத்தைந்து பிள்ளைகளுக்குப் பெயர் அடித்த ரீசேட் 35,000. ஒரே நாளில் 90,500 ரூபா. யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு நாள் வந்த பயிற்றுவிப்பாளருக்கு 15,000. மார்ச் தொடங்கி ஜூன் வரை, புத்தாண்டுச் சனிக்கிழமையை விட்டால் 16 வகுப்புகள். தூரத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டோவும் எல்லோருக்கும் சிற்றுண்டியும் என்று வகுப்புக்கு 4,000 வீதம் 64,000. இரண்டு காப்பை அடகு வைத்துத்தான் சமாளித்தேன். நிறுவனத்துக்குப் பில்லைக் கொண்டுபோனபோது அந்தப் பணியாளர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், மூன்று கடைகளில் விலை கேட்டு எடுத்த கொட்டேசன் இருக்கிறதா, ஒப்பந்தக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. ரீசேட் பில் மட்டும் ஒழுங்காக இருந்தது என்று அந்த 35,000ஐத் தந்தார்கள். மிச்சம் 134,500 போனது போனதுதான். காப்பை மீட்கும்போது வட்டி 16,000.

அந்த நிறுவனத்தில் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: எழுத்தில் கடிதம் வராமல் ஒரு ரூபா கூடச் செலவழிக்க வேண்டாம். கடிதத்தில் தொகை, எந்தத் தலைப்பில் செலவு, எந்தத் திகதிக்குள் கொடுப்பனவு, யார் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். போனில் சொன்னவரிடம், "நீங்கள் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொண்டன்" என்று வட்சப்பில் எழுதி அனுப்பி, "ஓம்" என்ற பதிலையாவது வாங்கி வையுங்கள். இன்னொன்று, இந்த வேலைக்கு விழாவே தேவையில்லை. இப்போது என் வகுப்புக்கு மாதம் 1,500 ரூபாவுக்கு மேல் போவதில்லை. பிளேன்ரீயும் அவித்த கச்சானும்தான் செலவு.

இனி வகுப்புக்குள் நடந்தது. சனசமூக நிலைய மண்டபத்தில் மைக்கைப் பூட்டி, முதல் நாளே ஒவ்வொருவராக ஏற்றினேன். கூச்சம் போக வேண்டும் என்றால் மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் நம்பியிருந்தேன். இருபத்தைந்து பேரில் நாலு பேர் பேசினார்கள், அந்த நாலு பேரும் ஏற்கெனவே போட்டிகளில் பேசுகிறவர்கள். ஒரு பெடியன் மைக்கைப் பிடித்து, "எல்லாத்துக்கும் வணக்கமுங்க" என்றான். பின்வரிசையில் சிரிப்பு. அவனுடைய அப்பப்பா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியது. இங்கே பிறந்து இங்கே வளர்ந்த பிள்ளை, வீட்டில் கேட்ட தமிழைப் பேசியதற்காகச் சிரித்தார்கள். நானும் அப்போது, "வணக்கம் எண்டு மட்டும் சொல்லும் தம்பி" என்று திருத்தினேன். அடுத்த கிழமை அவன் வரவில்லை. அவனைத் திருத்தியதற்குப் பதிலாகச் சிரித்தவர்களைத் திருத்தியிருக்க வேண்டும். இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: அவரவர் வீட்டுத் தமிழில்தான் பேச வேண்டும், பேச்சுக்கென்று தனித் தமிழ் கிடையாது.

மூன்றாவது கிழமை அதைவிடப் பெரிய பிழை. வந்த பயிற்றுவிப்பாளர் ஒரு முறையைச் சொல்லித் தந்திருந்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் கான்ஸ் என்பவர் கற்பிக்கிற முறை. முதலில் தன் கதை, பிறகு எங்கள் கதை, பிறகு இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற கதை என்று மூன்றாகப் பேச்சைக் கட்டுவது. நல்ல முறை, இன்றைக்கும் பயன்படுத்துகிறேன். ஆனால் அன்றைக்கு "தன் கதை"க்கு நான் கொடுத்த தலைப்பு "என் குடும்பம்". ஒரு பெடியன் எழும்பி, "எங்கட அப்பா..." என்றான். அதோடு நின்றுவிட்டான். இரண்டு நிமிடம் அப்படியே நின்றான். முன்னால் இருந்த பிள்ளை அழத் தொடங்க, மண்டபம் முழுக்க அழுதது. வன்னியில் இருபத்தைந்து பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் குடும்பத்தைப் பற்றிப் பேசு என்றால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். 2009இல் எனக்கு இருபது வயது, நானும் அதே வழியால் வந்தவள்தான். ஆனாலும் கேட்டேன். பேச்சில் உணர்ச்சி வர வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அன்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதிரைகளை அடுக்கிக்கொண்டு தனியாக நின்றேன். யாரிடம் போய்ச் சொல்வது, அந்தப் பெடியன் இரவு எப்படிப் படுப்பான், ஒன்றும் தெரியவில்லை.

பிள்ளையின் காயத்தைப் பேச்சுக்குப் பொருளாகக் கேட்க வேண்டாம். அவர்களாகக் கொண்டுவந்தால் கேட்கலாம், அதுவும் மேடையில் வேண்டாம். "தன் கதை" என்றால் சைக்கிள் செயின் கழன்று பாதி வழியில் நின்ற நாளாக இருக்கலாம், அம்மாவோடு சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய்க்கு விலை பேசிய நாளாக இருக்கலாம். கான்ஸ் முறையிலும் முக்கியம், ஒரு சிக்கல் வந்தபோது நீ எதைத் தெரிவுசெய்தாய் என்பதுதான். துயரம் வேண்டும் என்று அதில் இல்லை. தொடங்குவதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பாக இருப்பவரையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நேரில் போய்ப் பாருங்கள். போன் இலக்கத்தை வாங்கிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். நான் இதையெல்லாம் ஆறு மாதம் பிந்திச் செய்தேன்.

ஜூன் கடைசியில் ஊரில் ஒரு மக்கள் சந்திப்பு வந்தது. பிள்ளைகளை அங்கே பேச வைக்க வேண்டும் என்று துடித்தேன். குளக்கட்டுக்குப் பின்னால் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுவது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதைத் தலைப்பாக எடுத்தது நான். பத்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்ததும் நான். கெட்டிக்காரி, நாலு மாதத்தில் நன்றாக வளர்ந்திருந்தாள். கொப்பியைப் பார்க்காமல் நாலு நிமிடம் பேசினாள். "பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு நாங்கள் கிணத்தடிக்குப் போகப் பயப்பிடுறம், அது ஏன் எண்டு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும்" என்று நிறுத்தியபோது மண்டபத்தில் சத்தமே இல்லை. பிறகு கைதட்டு. நான் அழுதுவிட்டேன், பெருமையில். யாரோ போனில் பிடித்து அன்று பின்னேரமே பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். முகம், பெயர், பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் தெரிந்தது.

இரவு அவளுடைய வீட்டுத் தகரக் கூரையில் கல் விழுந்தது. மூன்று இரவு விழுந்தது. காய்ச்சுகிற ஆள் அவளுக்கு ஒன்றுவிட்ட உறவுமுறை. அதைவிட, கச்சான் விதைக்க அவளுடைய தாய் கடன் வாங்கியிருந்ததும் அந்த ஆளிடம்தான். இவை எதையும் நான் கேட்டு அறியவில்லை. தகப்பன் இல்லாத வீடு, தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும். இரண்டு நாள் கழித்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, இந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக்கொடுப்பது யார், பின்னால் எந்த அமைப்பு இருக்கிறது என்று என்னிடமும் பக்கத்து வீடுகளிலும் விசாரித்தார்கள். அது ஊரெல்லாம் பரவியது. அடுத்த சனி மண்டபத்துக்கு வந்தது மூன்று பிள்ளைகள். அதற்கு அடுத்த சனி ஒருவரும் இல்லை. ரியூசனுக்கு வந்த பதினொரு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதத்துக்கு அதில் 52,800 ரூபா வருமானம் போனது.

அந்தத் தாய் என் வீட்டுப் படலைக்கு வந்தா. உள்ளே வரவில்லை. சத்தம் போடவுமில்லை. "நீங்கள் கைதட்டு வாங்கிக் குடுத்தனீங்கள் ரீச்சர். கல்லெறி நாங்கள்தான் வாங்கிறம்" என்றா. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவ போன பிறகும் படலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வீடியோவை எடுப்பிக்க எனக்குப் பதினாறு நாள் பிடித்தது. கிராம அலுவலரும் கோயில் தலைவரும் தலையிட்டுக் கடனுக்குத் தவணை பேசிக் கொடுத்த பிறகுதான் கல்லெறி பற்றிய பயம் அடங்கியது. அந்தத் தவணையில் முதலாவதை நான் கட்ட வருகிறேன் என்றபோது தாய் மறுத்துவிட்டா. அந்த மாதங்களில் நான் கோயிலுக்கும் போகவில்லை. வட்டாப்பளை அம்மனிடம் அடுத்த பொங்கலுக்குத்தான் போனேன்.

பிறகு கிளிநொச்சியில் ஒரு பயிற்சியில் உட்கார்ந்திருந்தபோது, 1992இல் யுனிசெப்புக்காக ரோஜர் ஹார்ட் என்பவர் எழுதிய பிள்ளைகள் பங்கேற்பு ஏணி பற்றிச் சொன்னார்கள். எட்டுப் படி. கீழ் மூன்று படியும் பங்கேற்பே இல்லை. பெரியவர்கள் தங்கள் நோக்கத்துக்குப் பிள்ளையைக் கையாள்வது முதற்படி, அலங்காரமாக வைப்பது இரண்டாவது, பெயருக்குப் பேசவிடுவது மூன்றாவது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஒரே நிற ரீசேட்டோடு வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தேனே, அது இரண்டாம் படி. தலைப்பை நான் எடுத்து, பிள்ளையை நான் தெரிவுசெய்து, கசிப்புக்கு எதிராக ஏவிவிட்டது முதற்படி. தலைமைத்துவம் என்று நான் பெயர் வைத்திருந்தது அதற்கு. ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆவது உறுப்புரையும் அன்றுதான் ஒழுங்காக விளங்கியது. இலங்கை 1991இல் அதை ஏற்றிருக்கிறது. பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம் என்பதோடு அது நிற்கவில்லை. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு நிறை கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடமை கேட்கிறவருடையது. நான் கேட்கிற ஆட்களை ஆயத்தப்படுத்தவே இல்லை, பேசுகிற பிள்ளையை மட்டும் தயார்ப்படுத்தினேன்.

2024 ஜனவரியில் திரும்பத் தொடங்கினேன். ஏழு பிள்ளைகள். என் வளவில் வேப்பமரத்தடியில், பாய் போட்டு. மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடித்துவிடுவேன். பெண் பிள்ளைகள் ஆறு மணிக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கிழமையும் யாராவது ஒரு தாய் வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். காவலுக்கென்றுதான் கேட்டேன், ஆனால் அதுதான் இந்த இரண்டாம் முறையைக் காப்பாற்றியது. தாய்மார் கச்சான் உடைத்துக்கொண்டு கேட்பார்கள். பிள்ளை பேசுவதைக் கேட்டுப் பழகினார்கள். மூன்றாம் மாதம் ஒரு தாய் இடையில் புகுந்து, "அது அப்பிடியில்லை, அந்தக் கூட்டத்தில நானும் நிண்டனான்" என்று தானே கதைக்கத் தொடங்கினா.

முதல் நாலு கிழமையும் யாரும் எழுந்து நிற்பதில்லை. இருந்த இடத்திலேயே கைக்கு வருகிற எழுத்தை உரத்து வாசிப்பார்கள்: உரப்பையில் எழுதியிருப்பது, பழைய பத்திரிகை, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள். பிறகு கருமபீட விளையாட்டு. ஒருவர் அலுவலர், ஒருவர் போய்க் கேட்பவர். பெயர், ஊர், தேவை மூன்றையும் சொல்ல வேண்டும். அலுவலர் கட்டாயம் "நாளைக்கு வாரும்" என்று சொல்ல வேண்டும். அதற்கு, "யாரை வந்து பாக்கிறது, எத்தனை மணிக்கு, என்ன கொண்டு வரவேணும்" என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தால்தான் வெற்றி. இதைவிட நல்ல பேச்சுப் பயிற்சியை நான் இன்னும் காணவில்லை. குரலுக்கு, கிணற்றடியில் ஒருவரை நிறுத்திவிடுவேன், பதினைந்து அடி தூரம். கேட்கவில்லை என்றால் அவர் கையைத் தூக்குவார். கத்த வேண்டாம், மூச்சை வயிற்றுக்குள் இழுத்து வசனத்தின் கடைசிச் சொல் வரைக்கும் விடாமல் கொண்டுபோ என்று மட்டும் சொல்வேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கடைசிச் சொல்தான் உள்ளே போய்விடுகிறது.

ஐந்தாம் கிழமை ஒரு நிமிடப் பேச்சு. மனப்பாடம் செய்வதானால் முதல் வசனமும் கடைசி வசனமும் மட்டும். நடுவில் மறந்தால் கடைசி வசனத்துக்குப் போய் இருந்துவிடலாம். அந்த ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே கை நடுக்கம் பாதி போய்விடும். பேசி முடித்ததும் நான் திருத்துவதில்லை. கேட்டவர்கள் தங்களுக்கு நினைவில் நின்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கும் ஒன்றும் நிற்கவில்லை என்றால், பிள்ளைக்கே எங்கே சறுக்கியது என்று விளங்கிவிடும். தலைமைத்துவத்துக்கென்று தனிப் பாடம் வைக்கவில்லை. சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு கிழமையும் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். தலைவராக இருப்பவர் அன்று பேசக் கூடாது, மற்றவர்களைப் பேச வைக்க வேண்டும். நன்றாகப் பேசுகிறவர்களுக்கு இதுதான் சரியான கஷ்டம். சந்தா 20 ரூபா. ஒருமுறை பொருளாளர் 140 ரூபாவைத் தொலைத்துவிட்டு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னான். எப்படி அறவிடுவது என்று அரை மணித்தியாலம் கதைத்தார்கள், நான் வாய் திறக்கவில்லை. கிழமைக்குப் பத்து ரூபா வீதம் கட்டி முடித்தான். முந்தைய வருடம் மண்டபத்தில் நான் நடத்திய எந்தத் தலைமைத்துவ வகுப்பும் அந்த அரை மணித்தியாலத்துக்குக் கிட்டவும் வராது.

ஊர்ப் பிரச்சினையை இம்முறை அவர்களே எடுத்தார்கள். எடுத்ததும் நான் கேட்டது இவ்வளவுதான். இதைப் பேசினால் யாருக்குக் கோபம் வரும், அவரிடம் எங்களில் யாருடைய வீடாவது தங்கி இருக்கிறதா, இது மூன்று மாதத்துக்குள் அசையக்கூடிய விசயமா, இல்லை பெரியவர்கள் செய்ய வேண்டியதைப் பிள்ளை தலையில் வைக்கிறோமா. கசிப்பும் காணியும் அந்தக் கேள்விகளில் நின்றுபோயின. அவற்றுக்குப் பெரியவர்கள் முன்னுக்கு நிற்க வேண்டும், நான் உட்பட. மிஞ்சியது பஸ். விடிய 6.50க்கு வருகிற பஸ், சீசன் ரிக்கற் பிள்ளைகள் நிற்பதைக் கண்டால் நிறுத்தாமல் போய்விடும். பிந்திப் போனால் பள்ளிக்கூடப் படலை பூட்டியிருக்கும்.

பேசப் போவதற்கு முன் எண்ணச் சொன்னேன். மார்ச்சில் பத்துப் பள்ளி நாட்கள், கொப்பியில் கோடு போட்டு, திகதி, நேரம், நின்றதா இல்லையா, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று எழுதினார்கள். பத்து நாளில் ஆறு நாள் நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அந்த வழியின் நேர அட்டவணையையும் தரிப்பிடங்களையும் கேட்டு ஒரு கோரிக்கை எழுதினோம். ஒரு தாய் தன் பெயரில் கையெழுத்து வைத்தா. பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும் என்பதையும், எழுத முடியாத ஒருவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதையும் அந்தத் தாய்க்கு ஒரு பிள்ளைதான் விளங்கப்படுத்தியது. பதில் வந்தது. எங்கள் சந்தி அதில் தரிப்பிடமாக இருந்தது.

பிறகு நான் மட்டும் தனியாகப் போய், பஸ்ஸுக்குப் பொறுப்பானவரைச் சந்தித்தேன். "பிள்ளைகள் வந்து கதைக்கப் போகினம், குற்றம் சாட்ட வரேல்லை, கணக்கோட வருவினம், பத்து நிமிசம் குறுக்க கதைக்காமல் கேட்பீங்களா?" என்று கேட்டேன். முந்தைய வருடம் நான் செய்யாமல் விட்ட வேலை இது. அவர் ஓம் என்றார். கூட்டத்தன்று தாய்மார் மூவரும் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரும் முன்வரிசையில் இருந்தார்கள், முதலில் பேசியதும் பெரியவர்கள். அதற்குப் பிறகு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஒன்றரை நிமிடம், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர். ஒரு பிள்ளை மட்டும் முகமாக நிற்கக் கூடாது என்று அவர்களே தீர்மானித்திருந்தார்கள். படம் எடுக்கவில்லை. பெற்றோரின் சம்மதத்தையும் வருடத் தொடக்கத்தில் ஒரே கடிதத்தில் வாங்கி வைத்துவிடாமல், அந்தக் கூட்டத்துக்கென்று தனியாக, என்ன பேசப்போகிறார்கள் என்பதை வாசித்துக் காட்டி வாங்கினேன். கேள்வி கேட்டார்கள். "கொப்பியைக் காட்டும்" என்றார் பொறுப்பானவர். "எல்லாத்துக்கும் வணக்கமுங்க" என்று சொன்ன அந்தப் பெடியன்தான் கொப்பியை எடுத்து, திகதி திகதியாக வாசித்துக் காட்டினான். அவனுடைய வீட்டுக்கு நாலு தரம் நடந்து, மன்னிப்புக் கேட்டுத்தான் திரும்பக் கூட்டி வந்திருந்தேன்.

மூன்று கிழமை பஸ் ஒழுங்காக நின்றது. பிறகு பழையபடி ஆனது. பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள், நானும்தான். திரும்ப எண்ணினார்கள், திரும்பப் போனார்கள். இரண்டாம் முறை நான் கூடப் போகவில்லை, தாய்மாரே கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் நிற்கிறது.

கல்லெறி பட்ட பிள்ளை ஓ.எல். எழுதி முடித்துவிட்டு ஒரு சனிக்கிழமை தாயோடு வந்தாள். பேசமாட்டேன், எழுதித் தருகிறேன் என்றாள். நான் காரணம் கேட்கவில்லை. இப்போது நிரந்தரச் செயலாளர் அவள்தான். குலுக்கலில் அந்தப் பதவியை மட்டும் விலக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கிழமையும் சென்ற கூட்ட அறிக்கையை அவள் எழுத, வேறு யாராவது வாசிப்பார்கள். போன சனி வாசிக்க வேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. யார் வாசிப்பது என்று தலைவர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொப்பியை மடியில் வைத்து, இருந்தபடியே, எழும்பாமல், தலையை நிமிர்த்தாமல் வாசித்தாள். கிணற்றடியில் நின்ற பெடியன் கையைத் தூக்கவில்லை.